கூந்தன்குளத்துப் பறவைகளுக்கும் ஊர்க் கொடைக்கும் நிக்கான் டி7500 வாங்கலாமா?

கேள்வி: நான் மூலைக்கரைப்பட்டி பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. காலமான என் தந்தை அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவும், 105 மி.மீ. எஃப் 2.5 மேனுவல் லென்ஸும், 85 மி.மீ. எஃப் 1.8 டி ஆட்டோஃபோகஸ் லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் ரூபாயில் டிஜிட்டல் கேமரா வாங்க விரும்புகிறேன். கூந்தன்குளத்துப் பறவைகளையும் எங்கள் குலதெய்வமான சுடலைமாடசாமி கோயில் கொடைத் திருவிழாவையும் படம் எடுக்க வேண்டும். விடுமுறை நாள்களில் திருமணங்களை எடுத்துக்கொடுத்துச் சிறிது வருமானமும் பார்க்கலாம் என்று எண்ணம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருவர் நிக்கான் டி7500 கேமராவை 18-140 மி.மீ. லென்ஸோடு 52,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். 31,000 படம்தான் ஓடியிருக்கிறது என்கிறார். என் அண்ணன் மகனோ, "இப்போது யார் அத்தை டிஎஸ்எல்ஆர் வாங்குகிறார்கள், மிரர்லெஸ் வாங்குங்கள்" என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று வேலைகளில் பறவைக்கும் கொடைக்கும் இந்தக் கேமரா நன்றாகப் பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு திருமணம் எடுப்பதற்கு இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. திருமண எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்க முடியுமானால், கேமரா நல்ல நிலையில் இருப்பதை நேரில் சோதித்துப் பார்த்தபின் தாராளமாக வாங்குங்கள். இந்த முடிவுக்கு நான் வந்ததில் பெரும் பங்கு உங்கள் தந்தையின் 85 மி.மீ. லென்ஸுக்கு உண்டு என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டி7500 என்பது 2010-இல் டி7000-இல் தொடங்கி டி7100, டி7200 என்று வந்த வரிசையின் கடைசி டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. 2017-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த, விலையில் மேலான டி500-இல் இருந்த 20.9 மெகாபிக்சல் சென்சாரையும் எக்ஸ்பீட் 5 செயலியையும் இதில் கொடுத்தார்கள். நொடிக்கு 8 படம் எடுக்கும். கேமரா திருத்தாத ரா கோப்பாகவே தொடர்ந்து 50 படம் வரை தடையில்லாமல் எடுக்கும். 51 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. வெளிச்சத்தை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 100 முதல் 51,200 வரை போகும். இவ்வளவையும் கொடுத்தவர்கள், டி7200-இல் இருந்த மூன்று வசதிகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு மெமரி கார்டு போடும் இடம் ஒன்றாயிற்று, பழைய மேனுவல் லென்ஸுக்கு வெளிச்சம் அளந்து சொல்லும் இணைப்பு போயிற்று, கூடுதல் பேட்டரி கிரிப் பொருத்தும் வசதியும் போயிற்று. கிரிப் இல்லாதது உங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்காது. மற்ற இரண்டும் உங்களைத் தொடுகின்றன; அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டவர்கள், தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காதவர்கள் என்பது பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படம் எடுக்கிறவருக்கு அந்த ஊர் ஒரே சமயத்தில் எளிதான இடமாகவும் கடினமான இடமாகவும் இருக்கிறது. தெருவோர மரத்திலும் வீட்டுப் புறவாசல் மரத்திலும் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் எடுப்பதற்கு 300 மி.மீ. லென்ஸ் தாராளமாகப் போதும்; இந்தக் கேமராவின் சென்சார் ஃபிலிம் அளவைவிடச் சிறியது என்பதால், அந்த 300 உங்கள் தந்தையின் ஃபிலிம் கேமராவில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். ஆனால் குளத்தின் நடுவே நிற்கும் பூநாரைக் கூட்டமும், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் அத்தனை பக்கத்தில் வருவதில்லை. அவற்றுக்கு 500 மி.மீ. வேண்டும். நிக்கானின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் அதற்கென்றே அமைந்தது போன்றது என்றாலும், அது 2.3 கிலோ எடை. ஒரு லட்சம் ரூபாய்க் கணக்குக்குள் இப்போது வராது. முதல் ஆண்டு அதை நினைக்கவே வேண்டாம். கூட்டுப் பறவைகளே உங்களுக்கு இரண்டு பருவம் பாடம் சொல்லிக்கொடுக்கும்.

நீங்கள் சொல்லும் 18-140 லென்ஸ் பறவைக்குப் போதாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பொது வேலைக்கு, குடும்பப் படத்துக்கு, கோயில் கோபுரத்துக்கு அது நல்ல லென்ஸ்தான். ஆனால் அதை மட்டும் மாட்டிக்கொண்டு கூந்தன்குளம் கரையில் நின்றால், பறவையைவிடக் குளமும் வானமும்தான் படத்தில் நிறைந்திருக்கும். எனவே மிஞ்சும் 48,000 ரூபாயில் முதல் செலவு ஏஎஃப்-பி 70-300 மி.மீ. எஃப் 4.5-5.6 இ லென்ஸாக இருக்கட்டும். 680 கிராம்தான், கையில் பிடித்தே எடுக்கலாம், ஃபோகஸ் சத்தமில்லாமல் விரைவாக நகரும். பையும் முக்காலியும் ஃபில்டரும் சேர்த்துக் கட்டித்தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பணத்தையும் லென்ஸிலேயே போடுங்கள்.

பறக்கும் பறவைக்கு நொடியில் 1,600-இல் ஒரு பங்கு, முடிந்தால் 2,000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வையுங்கள். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், இறக்கை அடிப்பதை நிறுத்தாது. தொடர் ஃபோகஸில், ஐந்து புள்ளிகள் சேர்ந்து இயங்கும் க்ரூப் ஏரியா முறையை வைத்துக்கொண்டால், வெறும் வானத்தில் வரும் நாரையை இந்தக் கேமரா நன்றாகவே பிடித்துக்கொள்ளும். டி7200-இல் இந்த முறை கிடையாது. வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. கருவேல மரத்தின் இருட்டுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பறவையைச் சாதாரண முறையில் அளந்தால், கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து, இறகில் ஒரு வரிகூடத் தெரியாமல் வெளுக்க அடித்துவிடும். மிகவும் வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றி அளக்கும் ஹைலைட் அளவீட்டு முறை டி7500-இல் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள், கொடைக்கும் அதுவே கைகொடுக்கும்.

கொடையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மதியக் கொடையை எந்தக் கேமராவாலும் எடுத்துவிடலாம். சாமக் கொடையில்தான் கேமராவின் தரமும் எடுப்பவரின் பொறுமையும் தெரியவரும். பந்தலில் தொங்கும் குழல்விளக்கு ஒரு நிறம், சீரியல் பல்பு ஒரு நிறம், தீப்பந்தம் ஒரு நிறம். சாமியாடி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போய், கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் வெளிச்சத்துக்கு வருவார். மகுடம் என்னும் தோல்கருவியின் அடிக்கு ஏற்றபடி கணியான் கூத்து ஆடுபவர் சுழல்வார். இங்கே ஃபிளாஷ் அடித்தால் படம் கிடைக்கும், கொடை கிடைக்காது. தீப்பந்தத்தின் செம்மை முழுவதும் போய், பின்னால் கரும் சுவரும் முன்னால் வெளிறிய முகமுமாகத்தான் விழும். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது அந்தக் கூட்டத்துக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதென்றால் வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 18-140 லென்ஸை 85 மி.மீ. அளவுக்கு நீட்டினால் அது ஏறத்தாழ எஃப் 5.3 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). உங்கள் தந்தையின் 85 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 8 மடங்குக்கும் அதிகமான வெளிச்சம் உள்ளே வருகிறது. முதல் லென்ஸில் ஐஎஸ்ஓ 12,800 வைத்து, புள்ளி புள்ளியாகச் சிதறிய படமாக எடுக்க வேண்டிய காட்சியை, இதில் அதே ஷட்டர் வேகத்தோடு ஐஎஸ்ஓ 1,600-இல் தெளிவாக எடுத்துவிடலாம். இந்தச் சென்சாரில் 3,200 வரை நான் தயக்கமின்றிப் போவேன். 6,400-இலும் அச்சுப் போடத்தக்க படம் வரும்.

இப்போது, இந்த லென்ஸ் எந்தக் கேமராவில் எப்படி வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். டி என்று முடியும் இந்தப் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் பாடியில் இருக்கும் மோட்டார்தான் சிறு திருகு வழியாக லென்ஸைச் சுழற்ற வேண்டும். டி7500-இல் அந்த மோட்டார் இருக்கிறது. விலை குறைவான டி3500, டி5600 கேமராக்களில் இல்லை. அவற்றில் இந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். உங்கள் அண்ணன் மகன் சொல்லும், உள்ளே கண்ணாடி இல்லாத நிக்கான் மிரர்லெஸ் கேமராவிலும், நிக்கானே விற்கும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக லென்ஸ் மாட்டிக்கொள்ளும், வெளிச்சமும் அளக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் நடக்காது. சாமக் கொடையின் இருட்டில், ஆடிக்கொண்டிருக்கும் முகத்தைக் கையால் ஃபோகஸ் செய்வது நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம்.

இந்த லென்ஸை மாட்டும்போது ஒரு சின்ன விஷயம் புதியவர்களைத் திகைக்க வைக்கும். லென்ஸின் மேல் உள்ள, வெளிச்சம் வரும் திறப்பை மாற்றும் அபெர்ச்சர் வளையத்தை எஃப் 16-க்குத் திருப்பி, அங்கே உள்ள சிறு பூட்டைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் கேமரா 'எஃப்இஇ' என்று காட்டிப் படம் எடுக்க மறுக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பூட்டியபின் அபெர்ச்சரைக் கேமராவின் சக்கரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். முழுவதும் திறந்த நிலையில் ஃபோகஸ் ஒரே பக்கமாக முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால், அந்த லென்ஸுக்கு மட்டும் திருத்தம் செய்து நினைவில் வைக்கும் ஏஎஃப் ஃபைன்டியூன் வசதியும் டி7500-இல் உண்டு. அதற்கு முன், இத்தனை ஆண்டு பீரோவில் கிடந்த லென்ஸ் என்பதால், பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; சுத்தம் செய்யாமல் பயன்படுத்த வேண்டாம்.

105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் வேறு கதை. முகம் எடுப்பதற்கு அதைப் போன்ற லென்ஸ் அபூர்வம் என்று என் தலைமுறைப் புகைப்படக்காரர்கள் பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் டி7500-இல் அதை மாட்டினால் மேனுவல் முறை ஒன்று மட்டும்தான் வேலை செய்யும், கேமரா வெளிச்சத்தை அளந்து சொல்லாது. டி7200-இல் லென்ஸின் விவரத்தை மெனுவில் பதிந்துவிட்டால் அளந்து சொல்லும். உங்கள் தந்தை வெளிச்சம் அளக்கும் கருவி இல்லாமலே எடுத்திருப்பார்: நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் எண்ணுக்கு ஏற்ப, நிழலானால் மூன்று படி திற என்பதுதான் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களின் மனக்கணக்கு. இன்று ஒரு படம் எடுத்துத் திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் அது இன்னும் எளிது. திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சியை நிதானமாகப் படம் எடுக்க இது ஒரு தடையே அல்ல. இந்த ஒரு குறைக்காக டி7200-ஐத் தேடிப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதன் நொடிக்கு 6 படம் என்ற வேகமும், தொடர்ந்து எடுக்கும் படங்களைத் தாங்கிவைக்கும் சிறிய பஃபர் நினைவகமும் கூந்தன்குளத்தில் உங்களைப் பின்னிழுக்கும்.

திருமணத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த வலியை நான் பட்டிருக்கிறேன். 2011 வைகாசியில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு திருமணம். ஒரே கார்டு போடும் கேமராவில் எடுத்தேன். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, இரவு வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் போட்டால் திறக்கவில்லை. மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்து மூன்று நாள் போராடி, மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் கிடைத்தன. தாலி கட்டிய நேரத்துப் படங்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணின் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் மட்டும் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அந்த மாதமே இரண்டு கார்டு போடும் கேமராவுக்கு மாறினேன். ஒரே படம் இரண்டு கார்டிலும் விழும்படி வைத்துத்தான் இன்றுவரை திருமணம் எடுக்கிறேன். கூழைக்கடா நாளையும் வந்து அதே மரத்தில் உட்காரும். முகூர்த்தம் திரும்ப வராது. உறவினர் திருமணத்தில் அன்புக்காகப் படம் எடுங்கள், வேறொருவர் முறையாக எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று எடுங்கள், அதெல்லாம் நல்ல பயிற்சி. பொறுப்பு உங்கள் தலையில் என்று வரும்போது ஒற்றைக் கார்டுக் கேமராவை நம்பாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். நிக்கானும் கேனனும் 2020-க்குப் பிறகு தங்கள் உழைப்பை மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டன. இந்த வரிசையில் டி7500-க்கு அடுத்தது என்று ஒன்று வரவில்லை. கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பறவைக்கு மிகவும் உதவுகின்றன என்பதும் உண்மை. இரண்டரை லட்சம் ரூபாயோடு நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஒரு லட்சத்துக்குள் மிரர்லெஸ் என்றால், பாடிக்கும் சிறிய லென்ஸுக்குமே பெரும்பகுதி போய்விடும். தூரத்துப் பறவையைப் பக்கத்தில் காட்டும் டெலி லென்ஸுக்குப் பணம் மிஞ்சுவது கடினம். வீட்டில் இருக்கும் 85 பாதி பயனற்றதாகிவிடும். பேட்டரியையும் பாருங்கள். டி7500-இல் ஒரு பேட்டரிக்கு அளவீட்டுக் கணக்குப்படி 950 படம், அதே 20.9 மெகாபிக்சல் சென்சார் அளவில் வந்த இசட்50 மிரர்லெஸில் 300-ஐ ஒட்டித்தான். விடிய விடிய நடக்கும் கொடையில் சார்ஜ் போட இடம் தேடி அலைவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இன்று நீங்கள் வாங்கப்போகும் 70-300 லென்ஸுக்குள் மோட்டார் இருப்பதால், பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறினாலும் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். அந்தப் பணம் வீணாகாது.

வில்லுப்பாட்டை வீடியோவாகப் பதிய ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 4கே வீடியோ எடுக்கும்போது இந்தக் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துவதால், 18 மி.மீ.-கூட ஃபிலிம் கேமராக் கணக்கில் 40 மி.மீ. போல நெருங்கிவிடும்; சிறிய கோயில் முற்றத்தில் வில்லும் குடமும் பக்கப்பாட்டுக்காரரும் ஒரே சட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். 1080 அளவில் எடுத்தால் முழு அகலமும் கிடைக்கும். வெளி மைக் மாட்டும் துளையும் ஹெட்ஃபோன் துளையும் இருக்கின்றன. வீடியோவின்போதும் திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் மெதுவானது என்பதால், ஒரே இடத்தில் அமர்ந்து பாடுகிறவர்களுக்கு இது போதும்.

குழல்விளக்குக்கும் எல்இடி விளக்குக்கும் அடியில் எடுக்கும்போது, சில படங்கள் இருட்டாகவும் சில மஞ்சளாகவும் மாறி மாறி விழுவதைக் காண்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பின் தாழ்வில் ஷட்டர் திறந்தால் இப்படி ஆகும். மெனுவில் ஃபிளிக்கர் குறைப்பு என்பதை இயக்கிவிட்டால் கேமரா உச்சத்தில் திறக்கப் பார்க்கும். கொடைப் பந்தலில் ஜெனரேட்டர் ஓடினால் சுழற்சி 50-இல் நிலையாக நிற்காமல் போகலாம். அப்போது ஷட்டரை 100-இல் ஒரு பங்குக்கு இறக்கி, ஆட்டத்தின் திருப்பத்தில் ஆடுபவர் ஒரு கணம் நிற்கும் இடத்தைப் பார்த்து எடுங்கள்.

இனி அந்த ஜங்ஷன்காரரிடம் போய்ப் பார்க்க வேண்டியவை. உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். முதலில் ஒரு ஜேபெக் படம் எடுத்து வந்து, படத்துக்குள் பதிந்திருக்கும் விவரத்தில் ஷட்டர் எண்ணிக்கையைக் கணினியில் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. இந்த ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. அவர் சொல்லும் 31,000 உண்மையானால் ஐந்தில் ஒரு பங்குதான் ஓடியிருக்கிறது, கவலையில்லை. 80,000-க்கு மேல் காட்டினால் விலையைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். அடுத்து, எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் தூசு, சுத்தம் செய்தால் போய்விடும். கீறல் போல் கூரான கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். மெனுவில் பேட்டரி விவரம் என்ற பக்கத்தில் அதன் வயது 0 முதல் 4 வரை காட்டும். 3 அல்லது 4 என்றால் புதிய பேட்டரிக்கான விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபோகஸைக் கடைக்குள் சோதிப்பதில் பயனில்லை. ஈரடுக்குப் பாலம் பக்கத்திலேயே இருப்பதால், நடைபாதையில் பாதுகாப்பாக நின்று, உங்களை நோக்கி வரும் பேருந்தின் எண் பலகையைத் தொடர் ஃபோகஸில் 20 படம் எடுங்கள். பெரும்பாலானவை கூர்மையாக இருந்தால் நல்லது. அந்தச் சோதனையை 18-140-இல் ஒருமுறையும் உங்கள் 85-இல் ஒருமுறையும் செய்யுங்கள். 85-ஐ மாட்டும்போது பாடியின் மோட்டார் திருகும் சத்தம் கேட்க வேண்டும். நான் இந்தக் கேமராவைப் பரிந்துரைப்பதே அந்த மோட்டாருக்காகத்தான் என்பதால், அது சரியாக ஓடவில்லை என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். பாடியின் எண் எழுதப்பட்ட முதல் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

பணக்கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 52,000-இல் பேரம் பேசி எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். 70-300-ஐயும் பழையதாகவே தேடினால் மிச்சத்தில் அடங்கிவிடும். நல்ல நிறுவனத்தின் 64 ஜிபி கார்டு இரண்டு, பேட்டரி ஒன்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் போட சிலிக்கா ஜெல். ஆனி ஆடிக் காற்றில் நம் பக்கத்துச் செம்மண் எவ்வளவு பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டுமென்றால் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி மாற்றுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு வந்தால் பையோடு மூடிவைக்காமல், அன்றிரவே துடைத்து டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் அப்படி மறந்துபோன பைகளுக்குள்தான்.

கூடு கட்டியிருக்கும் நேரத்தில் மரத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தாய்ப்பறவை எழுந்து போனால் அந்த வெயிலில் குஞ்சு தாங்காது. மொட்டைமாடியிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் வீடுகள் அந்த ஊரில் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், 300 மி.மீ. லென்ஸுக்கு அந்த உயரமும் தூரமும் சரியாக அமையும். மார்கழி கழிந்து பறவைகள் நிறைய வரத் தொடங்குவதற்குள் 85-ஐயும் க்ரூப் ஏரியா ஃபோகஸையும் உங்கள் பள்ளி மைதானத்தில் ஓடியாடும் பிள்ளைகளை வைத்துப் பழகிவிடுங்கள். 105 லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, எஃப்எம்2-ஐயும் கூடவே கொடுத்து ஷட்டரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திர ஷட்டர் என்பதால், சும்மா கிடந்து இறுகியிருந்தாலும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து.